ஜுரத்தின் பின்னே வரும் ஜுரம்

1918-ஆம் வருஷத்து இன்புளுயன்ஸாவில் மாண்டவர்களின் நுரையீரல் திசுக்களைப் பல்லாண்டுகள் கழித்து ஆராய்ந்த விஞ்ஞானிகள், அவர்களில் பெரும்பாலோரின் உயிரைக் குடித்தது, வைரஸ் புண்ணாக்கிவிட்டுப் போன சுவாசப் பாதையில் பிற்பாடு குடியேறிய பாக்டீரியாவே என்ற முடிவுக்கு வந்தார்கள். பெனிசிலின் இல்லாத காலம் அது என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். அலமாரி நிறைய மருந்து இருந்தும் கொரோனா நோயாளிகளில் ஒரு சாரார் அவ்விதமே மடிந்ததற்கு என்ன சமாதானம் சொல்வது?

2020-இல் நம் தேசத்தின் 10 ஆஸ்பத்திரிகளில் சேர்ந்த 17,534 கொரோனா நோயாளிகளை ஐ.சி.எம்.ஆர். ஆராய்ந்தபோது, இரண்டாவது தொற்றுக்கு ஆளானவர்கள் நூற்றுக்கு 3.6 பேரே என்று தெரிந்தது. ஆயினும் மொத்த நோயாளிகளில் 10.6 சதவிகிதத்தினர் இறந்திருக்க, இவர்களிலோ 56.7 சதவிகிதத்தினர் பிழைக்கவில்லை. ஐ.சி.யூ.வில் வாசம் செய்து, வென்டிலேட்டர் குழாய் வழியே உட்புகும் கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் என்ற கிருமிகளே இந்த இரண்டாவது தொற்றை உண்டாக்கியவற்றில் முதன்மையானவை. பரிசோதனைச் சாலையில், மருந்து தோய்ந்த சிறு காகித வில்லைகளைக் கிருமி பூசிய தட்டில் வைத்தால், மருந்து பலிக்குமிடத்தில் வில்லையைச் சுற்றி வெற்று வட்டம் ஒன்று விழும். இந்தக் கிருமிகளோ பல வில்லைகளின் விளிம்புவரை தாராளமாகப் படர்ந்து நிற்கின்றன. கடைசியில், சிறுநீரகத்தைக் கெடுக்கிறதென்று ஒரு காலத்தில் ஒதுக்கி வைத்த கோலிஸ்டின் என்ற மருந்தையே வைத்தியர் நாட வேண்டியதாகிறது.

உலகெங்கும் ஆஸ்பத்திரியில் சேர்ந்த கொரோனா நோயாளிகளில் பாக்டீரியா தொற்றும் உடனிருந்தவர்கள் 8 சதவிகிதமே. ஆன்டிபயாடிக் பெற்றவர்களோ முக்கால் பங்கினர் என்று 2024-இல் உலக சுகாதார நிறுவனம் தெரிவித்தது. கிருமி எதுவென்று காட்டும் கல்ச்சர் பரிசோதனையின் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகையில், மூச்சுத் திணறுகிறவரை வைத்துக்கொண்டு காத்திருக்க முடியுமா என்று வைத்தியர்கள் கேட்பது நியாயந்தான். என்னை உறுத்துவதோ அதற்கு வெகு முன்பே, மருந்துக்கடையில் நடப்பது. சாதாரண ஜலதோஷத்துக்குச் சீட்டு இல்லாமலே அஸித்ரோமைசின் கேட்கிறோம். மூன்று மாத்திரை கிழித்துக் கொடுக்கிறார்கள். வைரஸை அது தீண்டுவதேயில்லை. குடலிலிருக்கும் சாதுவான பாக்டீரியாவை அழித்து, மருந்துக்கு மசியாதவை விருத்தியாக இடம் செய்துகொடுக்கிறது. அவற்றைச் சுமந்துகொண்டே நாம் பின்னொரு நாள் ஐ.சி.யூ.வுக்குள் போகிறோம்.

செஃபிக்ஸிம் போன்ற சில ஆன்டிபயாடிக்குகளை விற்றால், நோயாளியின் பெயரையும் டாக்டரின் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் காக்க வேண்டுமென்று 2014 முதல் விதி இருக்கிறது. மழைக்காலத்துச் சளி ஜுரம் தொடங்குமுன், அந்தப் பதிவேடுகளை ஊர் ஊராகப் போய்ப் புரட்டிப் பார்க்க அதிகாரிகளை அனுப்ப வேண்டும். எழுதாமல் விற்ற கடையின் லைசென்ஸை நிறுத்தி வைக்கவும் தயங்கலாகாது.