மியூசியத்தில் தங்கி வரையக் கூப்பிட்டால்...



மியூசியம் என்றால் பழைய சிலையும் செப்புக்காசும் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் இடம் என்றுதான் நாம் நினைக்கிறோம். சில மியூசியங்கள் உயிரோடு இருக்கிற கலைஞர்களையும் கூப்பிட்டுத் தங்க வைக்கின்றன. தங்க இடம், சாப்பாடு, வேலைக்கு வேண்டிய சாமான், கைச்செலவுக்குப் பணம் எல்லாம் கொடுத்து, சில வாரமோ சில மாதமோ "உங்க வேலையைச் செய்யுங்க" என்று விட்டுவிடுவார்கள். இதை ஆர்ட்டிஸ்ட் ரெசிடென்சி என்கிறார்கள்.

இது காலேஜில் ஓவியம் படித்தவர்களுக்குத்தானே என்று கேட்பீர்கள். கங்கா தேவி கதையைக் கேளுங்கள். பீகாரில் மதுபனி பக்கத்துக் கிராமத்துப் பெண். நாம் வாசலில் கோலம் போடுகிற மாதிரி, அங்கே பெண்கள் வீட்டுச் சுவரில் படம் எழுதுவார்கள். 1966-67 பஞ்சத்தில் அந்தப் பெண்களுக்கு ஒரு வருமானம் வரட்டும் என்று, கைவினை வாரியம் காகிதம் கொடுத்து வரையச் சொன்னது. அப்படிக் காகிதத்துக்கு வந்தவர்களில் கங்கா தேவியும் ஒருவர். பிள்ளை இல்லை என்று கணவர் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டார். கையில் இருந்தது அந்தக் கோடு மட்டும்தான். அந்தக் கோட்டுக்கு 1984-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அமெரிக்கா போனார். அங்கே பார்த்த ரோலர் கோஸ்டர் ராட்டினத்தைக்கூட நம்ம ஊர்த் தேர் மாதிரி அழகாக வரைந்து வைத்தார்!

புற்றுநோய் வந்து சிகிச்சை எடுத்த காலத்தில், டெல்லி கைவினை மியூசியத்தில் ஒரு அறை முழுக்கக் கல்யாண வீட்டுச் சுவர்ச் சித்திரம் எழுதினார். புது மாப்பிள்ளை பெண்ணுக்கான அறைக்கு எழுதுகிற சித்திரம் அது. 1991-இல் இறந்துபோனார். 2015-இல் மராமத்து வேலை நடந்தபோது அந்தச் சித்திரம் அழிக்கப்பட்டுவிட்டது. பேப்பரில் செய்தி வந்தது, பலர் வருத்தப்பட்டார்கள். போனது போனதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. ஜப்பானில் நீகாத்தா பக்கம், பனி கொட்டுகிற மலையூரில், மூடிப்போன பள்ளிக்கூடக் கட்டடத்தில் மிதிலா மியூசியம் இருக்கிறது. 1982-இல் தொடங்கியது. மதுபனிப் பெண்கள் பலர் அங்கே போய் மாதக்கணக்கில் தங்கி வரைந்திருக்கிறார்கள். மத்தியப் பிரதேசத்து கோண்டு ஓவியர் ஜங்கர் சிங் ஷ்யாமும் போனார். பெரிய பேர் வாங்கியவர். ஊருக்குத் திரும்பணும் என்று வீட்டுக்குக் கடிதம் எழுதியிருந்தார். 2001 ஜூலையில் அங்கேயே தற்கொலை செய்துகொண்டார். அவருடைய சம்பளம், ஒப்பந்தம், திரும்பும் தேதி எல்லாம் என்ன என்று நம் நாட்டுக் கலைஞர்கள் அதற்குப் பிறகுதான் கேட்டார்கள்.

போகாதீங்க என்று நாங்கள் சொல்லவில்லை. டெல்லி கைவினை மியூசியம் பல மாநிலத்துக் கைவினைஞர்களை மாதாமாதம் வரவழைத்து, மியூசியத்திலேயே வேலை செய்யவும், செய்ததை நேரடியாக விற்கவும் இடம் கொடுத்து வந்திருக்கிறது. இடையில் தரகர் கிடையாது. பாய் நெய்கிறவர், மண்பொம்மை செய்கிறவர் நம் குழுக்களிலும் இருக்கிறார்கள். வாய்ப்பு வந்தால் விடக் கூடாது.

ஆனால் பேங்க் லோனுக்குக் கையெழுத்துப் போடும் முன் வட்டி எவ்வளவு என்று கேட்கிறோம் இல்லையா? இதிலும் கேளுங்கள். பணம் மொத்தமாகவா, மாதாமாதமா? முடித்த வேலை யாருக்குச் சொந்தம், அவர்கள் வைத்துக்கொண்டால் தனி விலை உண்டா? சுவரில் எழுதினால் பிறகு அழிக்கும் முன் நமக்குச் சொல்வார்களா? உடம்புக்கு முடியாமல் போனால், வீட்டு ஞாபகம் வந்தால், நாள் முடியும் முன்னே கிளம்பலாமா? போகவர டிக்கெட் யார் செலவு? பாஸ்போர்ட் நம்ம கையில்தான் இருக்கணும், அதை யார் கேட்டாலும் கொடுக்காதீங்க.

பதில் எல்லாம் நமக்குப் புரிகிற பாஷையில் எழுத்தில் வரணும். கடிதம் எதுவும் வந்தால், கையெழுத்துப் போடும் முன் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு எடுத்து வாங்க. உட்கார்ந்து சேர்ந்து படிப்போம்.