ஹூட்டுக்குள்ள பெற்றோல் மணக்குது, ஸ்கானர் "ஒண்டுமில்லை" எண்டுது



போன எபிசோட்டில் ஓபிடி ஸ்கானர் பற்றிக் கதைக்கும்போது, "எங்கட அப்பாவின்ர காரில அது ஒண்டையுமே காட்டேல்லை" எண்டு சொல்லிப்போட்டு அப்படியே அடுத்த விசயத்துக்குப் போயிட்டன். அந்தக் கதையைத்தான் இந்தக் கிழமை விரிவாக எழுதுறன்.

இடம் ஸ்காபரோ, மாதம் ஜனவரி. வெளியில மைனஸ் 18. அப்பாவுக்கு விடிய 5 மணிக்கு ஷிஃப்ட். கார் நிக்கிறது வீட்டோட ஒட்டின கராஜில, அதுக்கு நேர மேல தங்கச்சியின்ர அறை. ஒருநாள் விடிய அம்மா, "இஞ்சேருங்கோ, பெற்றோல் மணக்குது" எண்டா. அப்பா, "குளிருக்குள்ள எல்லாக் காரும் அப்பிடித்தான்" எண்டுபோட்டு எடுத்துக்கொண்டு போயிட்டார். வேலைக்குப் போய்ச் சேர முதல் மணம் இல்லை. அடுத்த நாளும் அதே கதை. இப்படியே ரெண்டு கிழமை போனது.

எனக்குத் தெரிய வந்தது தங்கச்சி "வீட்டில காஸ் மணக்குது" எண்டு மெசேஜ் போட்ட பிறகுதான். நான் அடுப்புக் காஸ் எண்டு நினைச்சு, எல்லாரையும் வெளியில போகச் சொல்லிப்போட்டன். (இந்த ஒரு விசயத்தில அம்மாவின்ர "பெற்றோல்" எங்கட "காஸை" விடத் தெளிவான சொல். வீட்டுக்கு வாற காஸ் அழுகின முட்டை மாதிரி மணக்கும், பெற்றோல் அப்படி மணக்காது.)

அப்பா சொன்னது பாதி உண்மை. குளிரில எஞ்சின் ஸ்ரார்ட் ஆகும்போது கொம்பியூட்டர் வேணுமெண்டே கூடுதலான பெற்றோலை விடும். புகைக்குழாயில் இருக்கிற கற்றலிற்றிக் கொன்வேர்ட்டரும் சூடேறும் வரை சரியாக வேலை செய்யாது. அதால முதல் ஒண்டிரண்டு நிமிசம் எரியாத பெற்றோல் மணம் வரலாம். ஆனால் அது வாறது காரின் பின்பக்கம், புகையோடு கலந்து. எங்கட காரில மணந்தது முன்பக்கம், அதுவும் ஸ்ரார்ட் பண்ணின கையோட, பச்சைப் பெற்றோலாக.

ஏன் இதைச் சும்மா விடக்கூடாது? பெற்றோலின் ஆவி தீப்பிடிக்கத் தொடங்கிற வெப்பநிலை ஏறக்குறைய மைனஸ் 40 பாகை. மைனஸ் 18 எங்களுக்குத்தான் குளிர், பெற்றோலுக்கு இல்லை. காற்றில 1.4 சதவீதம் ஆவி இருந்தாலே ஒரு பொறி போதும். அந்த ஆவி காற்றை விட மூன்று நாலு மடங்கு பாரம், மேலே பறக்காமல் கராஜ் நிலத்தில் படுத்திருக்கும், கதவு இடுக்கால வீட்டுக்குள்ளயும் வரும். ஆகவே நாங்கள் செய்த முதல் வேலை, காரை ஸ்ரார்ட் பண்ணாமல் நியூட்ரலில் போட்டு டிரைவ்வேக்குத் தள்ளினது. அப்பா ஸ்ரேரிங்கில, நானும் தங்கச்சியும் பின்னால. ஐஸில சறுக்கி விழுந்தது நான் மட்டும்தான்.

பிறகு ஸ்கானரைப் போட்டன். ஒரு கோட்டும் இல்லை. அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கே!

ஏன் ஒண்டும் காட்டேல்லை எண்டதுதான் இதில முக்கியமான விசயம். காரில பெற்றோலின் ஆவியைப் பிடித்து வைக்க ஈவாப் எண்டு ஒரு ஏற்பாடு இருக்கு. அமெரிக்கா முழுவதும் 1971 மாடலில் இருந்து கட்டாயமானது. ராங்கில இருந்து வாற ஆவி கரி நிரப்பின ஒரு பெட்டிக்குள் போய் நிக்கும். கார் ஓடும்போது பேர்ஜ் வால்வ் எண்டது திறந்து, அந்த ஆவியை எஞ்சினுக்குள் இழுத்து எரிக்கும். இந்தப் பாதையில் ஓட்டை இருந்தால்தான் பி0442, பி0455 மாதிரிக் கோட் வரும். அரை மில்லிமீற்றர் ஓட்டையைக்கூடக் கண்டுபிடிக்கிற கார்கள் இருக்கு. ஆனால் அந்தச் சோதனை எப்பவும் ஓடாது. ராங்க் நிரம்பி வழிஞ்சாலும் ஓடாது, வெறுமையாக இருந்தாலும் ஓடாது. பல கார்களில் வெளி வெப்பநிலை ஏறக்குறைய 4 பாகைக்குக் கீழே போனால் தொடங்கவே தொடங்காது. அப்ப கனடா வின்ரரில "கோட் இல்லை" எண்டால், "நான் பார்க்கவே இல்லை" எண்டதுதான் அர்த்தம்.

அதைவிட, ஈவாப் பார்க்கிறது ஆவியை மட்டும்தான். எஞ்சினுக்கு வாற திரவப் பெற்றோல் வேறு பாதை. அதில ஒரு துளி வெளியில ஒழுகினால் அதைச் சொல்ல சென்சரே இல்லை. மனுசருக்கு அந்த சென்சர் இருக்கு. பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்குக்கும் குறைவான பெற்றோலை மூக்கு பிடித்துவிடும். ஒரு குறை, சில நிமிசத்தில் பழகிப்போய் மணக்கிறதை நிற்பாட்டிவிடும். ஆனபடியால் இடைக்கிடை தள்ளிப் போய் நல்ல காற்றை எடுத்துவிட்டுத் திரும்பி வாங்கோ.

மூக்கை நீட்ட முதல், எப்ப மணக்குது எண்டு யோசியுங்கோ. பெற்றோல் அடிச்ச பிறகுதான் மணக்குதெண்டால் ராங்க் மூடி, இல்லாட்டி அந்தக் கரிப் பெட்டியில சந்தேகம். பம்ப் "டக்" எண்டு நின்ற பிறகும், "ரவுண்டா நாற்பது டொலர் வரட்டும்" எண்டு இன்னும் ரெண்டு அமத்து அமத்துற அப்பாமார் கவனிக்கோணும். மிச்சப் பெற்றோல் ஆவிப் பாதையால போய்க் கரியை நனைக்கும், பெட்டி பழுதாகும். அடிச்ச கையோட கார் ஸ்ரார்ட் ஆக அடம்பிடிச்சால் பேர்ஜ் வால்வ் திறந்தபடி இறுகியிருக்கலாம். ஓடி முடிஞ்சு சூட்டோட நிற்பாட்டின பிறகு மணந்தால், ரெயிலில் மிஞ்சின அமுக்கத்தில் எங்கேயோ கசியுது. செக் எஞ்சின் லைற் மின்னி மின்னி எரிஞ்சு கார் உதறினால், அது மிஸ்ஃபயர், வேறு கதை.

ஒயில் டிப்ஸ்ரிக்கையும் இழுத்து மணந்து பாருங்கோ. பெற்றோல் மணத்து, ஒயில் மட்டமும் கூடியிருந்தால், பெற்றோல் எஞ்சினுக்குள்ளயே இறங்குது. டிரெக்ட் இன்ஜெக்‌ஷன் கார்களை வின்ரரில் கிட்டக் கிட்ட மட்டும் ஓடினால் இது வரும். பிறகு, ட்ரங்கைத் திறந்து பாருங்கோ. ஸ்னோ புளோவருக்கு வாங்கின பெற்றோல் கான் அங்க இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத் தேவையில்லை.

இன்னொரு சின்ன வேலை. காருக்குள்ள மணக்கேக்க ஹீற்றரை உள்காற்றுச் சுழற்சிக்கு மாற்றுங்கோ. மணம் குறைஞ்சு, வெளிக்காற்றுக்கு மாற்றினதும் கூடினால், ஹூட்டுக்குள்ள இருந்துதான் வருது. வெளிக்காற்று உள்ள வாற வழி கண்ணாடிக்குக் கீழ, ஹூட்டின் பின்விளிம்புக்குப் பக்கத்தில் இருக்கு.

எங்கட காரில குளிரில வந்து சூட்டில போறது எண்டபடியால், ரப்பரில எனக்குச் சந்தேகம். இரவு முழுக்கக் காரை வெளியில விட்டு, விடிய ஹூட்டைத் திறந்தம். திறந்த உடனே வாற முதல் மூச்சுத்தான் பெறுமதி, பிறகு காற்று அள்ளிக்கொண்டு போயிடும். அப்பா சாவியை ஓன் வரைக்கும் மட்டும் திருப்பினார், ஸ்ரார்ட் பண்ணேல்லை. பம்ப் ரெண்டு விநாடி ஓடி ரெயிலில் அமுக்கம் ஏற்றும். எங்கட காரில அது 50 பிஎஸ்ஐ வரும், ரயருக்கு அடிக்கிறதை விடக் கூட. எஞ்சின் சுத்தாது, சூடும் இல்லை. பக்கத்தில தீயணைப்பான். கையில எல்ஈடி ரோர்ச், பழைய குமிழ் லைற் வேண்டாம், உடைஞ்சால் பொறி.

கண்ணுக்கு ஒண்டும் தெரியேல்லை. பெற்றோல் ஒழுகினாலும் குட்டையாக நிக்காது, ஆவியாகிப் போகும். அதால வெள்ளைக் கிச்சின் பேப்பரைத் துண்டு துண்டாகக் கிழிச்சு, ஒவ்வொரு பொருத்தையும் ஒவ்வொரு துண்டால துடைச்சன். தங்கச்சி தள்ளி நிண்டு ஒவ்வொண்டாய் மணந்தாள். ஹோஸ் பொருத்து, இல்லை. முதல் இன்ஜெக்டர், இல்லை. ரெண்டாவது, இல்லை. மூன்றாவது துண்டை மூக்குக்குக் கொண்டு போக முதலே முகத்தைச் சுழிச்சாள்.

ஒவ்வொரு இன்ஜெக்டரும் ரெயிலோட சேருற இடத்தில் ஒரு ஓ-ரிங் இருக்கும், சின்ன ரப்பர் வளையம். வருசக்கணக்கில சூடு பட்டு இறுகிப்போகும். குளிரில ரப்பர் உலோகத்தை விடக் கூடச் சுருங்கும், விறைக்கும், இடைவெளியால பெற்றோல் கசியும். எஞ்சின் சூடேற வளையம் விரிஞ்சு மூடிக்கொள்ளும். மணம் போயிடும். அப்பா "சரியாப் போச்சு" எண்டு நினைச்சது அந்த நேரத்தைத்தான். ஆனால் அதுக்கிடையில கசிஞ்சது எல்லாம் சூடேறிக்கொண்டிருக்கிற எஞ்சினுக்கு மேல.

இதுக்குப் பிறகு நாங்கள் கை வைக்கேல்லை. நிற்பாட்டி மணிக்கணக்கானாலும் ரெயிலில் அமுக்கம் இருக்கும், கழட்டினால் பீச்சும். டிரெக்ட் இன்ஜெக்‌ஷனில அது 2000 பிஎஸ்ஐக்கு மேல, தோலுக்குள்ள இறங்கும், கிட்டவும் போகாதேங்கோ. மணம் கடுமையாக இருந்தால் பற்றரி வயரைக் கழட்டவும் வேண்டாம், அதிலயும் பொறி வரும். அப்பா, "தம்பி, மெக்கானிக்கிட்ட பத்து நிமிச ஓட்டம்தானே" எண்டார். அம்மா அந்தப் பேப்பர்த் துண்டை அவரின்ர மூக்குக்கு முன்னால பிடிச்சா. டோ ட்ரக் கூப்பிட்டம்.

நாலு இன்ஜெக்டருக்கும் மேல ஒண்டு கீழ ஒண்டாக எட்டு வளையம் மாற்றினது. ஒண்டு பழுதானால் மற்றதுகளுக்கும் அதே வயசுதான். வளையங்கள் எல்லாம் சேர்த்து நாற்பது டொலருக்குள்ள, மிச்சம் கூலி.

மெக்கானிக் கடையின் சூட்டுக்குள்ள ஸ்ரார்ட் பண்ணிக் காட்டினதை நாங்கள் கணக்கில எடுக்கேல்லை, எங்கட கார் சூட்டில ஒருநாளும் மணக்கேல்லையே. இன்னொரு கடுங்குளிர் நாள் வரும்வரை கார் டிரைவ்வேயிலதான் நிண்டது. நாலாம் நாள் மைனஸ் 16. அப்பா சாவியைத் திருப்பினார், தங்கச்சி ஹூட்டுக்குள்ள தலையை விட்டு மணந்தாள். வொஷர் ஃபுளூயிட் மட்டும்தான் மணந்தது. அண்டைக்குப் பின்னேரம் கார் திரும்பக் கராஜுக்குள்ள போனது.