ப்ளூ-ஐட் சோல்: வெள்ளையர் பாடிய கறுப்பின இசை... பணமும் புகழும் யாருக்குப் போனது?

ஏமி வைன்ஹவுஸின் 'ரீஹாப்' பாடலை ரீல்ஸிலாவது கேட்டிருப்பீர்கள். 2006-ல் வெளியான 'பேக் டு பிளாக்' ஆல்பத்தில் வரும் பாட்டு. பாடியவர் லண்டனில் யூதக் குடும்பத்தில் பிறந்த வெள்ளைக்காரப் பெண். ஆனால் அந்த டிரம்ஸும் டிரம்பெட்டும் 1960-களின் அமெரிக்கக் கறுப்பின இசையை அப்படியே கண்முன் கொண்டுவந்துவிடும். காரணம் இருக்கிறது. ஆல்பத்தின் பல பாடல்களுக்கு வாசித்தது 'டாப்-கிங்ஸ்' என்ற புரூக்ளின் பேண்ட். அது ஏமியின் பேண்ட் அல்ல. ஷரோன் ஜோன்ஸ் என்ற கறுப்பினப் பாடகியின் பேண்ட்.

ஷரோன் 1956-ல் பிறந்தவர், சர்ச்சில் பாடி வளர்ந்தவர். "ரொம்பக் கறுப்பு, ரொம்பக் குண்டு, ரொம்பக் குள்ளம், வயசும் ஜாஸ்தி" என்கிற ரீதியில் இசைத்துறை தன்னை ஒதுக்கியதாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பிழைப்புக்கு நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் காவலராக வேலை பார்த்தார். முதல் ஆல்பம் வந்தது 2002-ல், நாற்பதைத் தாண்டிய பிறகு. 2008 கிராமி விழாவில் ஏமிக்கு 5 விருதுகள். 2016-ல் புற்றுநோயால் இறக்கும்வரை ஷரோனுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பரிந்துரை. விருது இல்லை.

உடனே ஏமியைத் திருடியாக்கிவிட வேண்டாம். அவர் பாடியது அவர் எழுதிய, அவர் வாழ்ந்த வலி. இன்னொன்று, ஷரோனின் பேண்டை நடத்தி, அவருக்குப் பாட்டு எழுதிக்கொடுத்த கேப்ரியல் ராத்தும் வெள்ளையர்தான். அப்போ சிக்கல் எங்கே?

பெயர் எப்படி வந்தது?

கறுப்பின சர்ச்சுகளின் காஸ்பல் பாட்டில் கடவுள் இருந்த இடத்தில் காதலி வந்து நின்றால், அதுதான் கிட்டத்தட்ட சோல். ரே சார்லஸ், சாம் குக், அரேதா ஃபிராங்க்ளின் எல்லோரும் இந்த வழியில் வந்தவர்களே. அதையே வெள்ளையர்கள் பாடினால் 'ப்ளூ-ஐட் சோல்', அதாவது 'நீலக்கண் சோல்'. 1964 வாக்கில் ஜார்ஜி வுட்ஸ் என்ற பிலடெல்பியாவின் கறுப்பின வானொலித் தொகுப்பாளர், 'ரைச்சியஸ் பிரதர்ஸ்' இரட்டையரை இப்படி அழைத்ததாகச் சொல்வார்கள். (பெயரில்தான் பிரதர்ஸ், இருவரும் உறவுகூட இல்லை!) கறுப்பின வானொலியே அவர்களை ஆசையாக ஒலிபரப்பியது. ஆக, இந்தப் பெயர் பிறக்கும்போது வசவு அல்ல, பாராட்டுதான்.

காசு போகும் பாதை

பாராட்டு வேறு, வருமானம் வேறு. சோல் முழு உருவம் பெறுவதற்குச் சற்று முன் நடந்ததைப் பாருங்கள். லிட்டில் ரிச்சர்டின் 'டுட்டி ஃப்ரூட்டி' 1956-ல் பில்போர்டு பாப் பட்டியலில் 17-வது இடம் வரை போனது. அதே பாட்டைச் சமர்த்துப் பிள்ளைபோலப் பாடிய வெள்ளைக்காரர் பேட் பூன், 12-வது இடத்தைத் தொட்டார். இரண்டையும் கேட்டுப் பாருங்கள், சிரிப்பு வந்துவிடும்.

இதற்குச் சட்டமும் கைகொடுத்தது. அமெரிக்காவில் வெளியான ஒரு பாட்டை, நிர்ணயித்த கட்டணம் கட்டிவிட்டு யார் வேண்டுமானாலும் மறுபடி பாடி ரெக்கார்டு போடலாம். அந்தக் கட்டணம் போவது பாட்டை எழுதியவருக்கும் பதிப்புரிமை வைத்திருப்பவருக்கும். அதற்கு முதலில் உயிர் கொடுத்துப் பாடியவருக்கு, பாடியதற்காகப் பைசா கிடையாது. அங்கே ஏ.எம்., எஃப்.எம். வானொலிகளும் பாடகருக்கு ராயல்டி தருவதில்லை. இது எல்லா நிறத்தவருக்கும் ஒரே விதிதான். ஆனால் வெள்ளையர் வானொலியும் தொலைக்காட்சியும் யாருக்குக் கதவைத் திறந்தன என்பதில் நிறம் இருந்தது.

முகத்தை மறை!

சில சமயம் கணக்கு தலைகீழானது. 1978-ல் பாபி கால்டுவெல்லின் முதல் ஆல்பத்தை மயாமி நிறுவனம் ஒன்று வெளியிட்டபோது, அட்டையில் இருந்தது வெறும் நிழலுருவம். வெள்ளையர் என்று தெரிந்தால் கறுப்பின வானொலிகள் போடாதோ என்ற பயம்! 1979-ல் மோடவுன் நிறுவனம் வெளியிட்ட டீனா மேரியின் முதல் ஆல்பம் அட்டையிலும் அவர் முகம் இல்லை. கறுப்பினப் பெண் என்றே பல ரசிகர்கள் நினைத்தார்கள். வெள்ளையர் என்று தெரிந்த பிறகும் கைவிடவில்லை.

ஆனால் 1982-ல் டீனா மோடவுனை விட்டு விலக முயன்றபோது, நிறுவனம் வழக்குப் போட்டது. கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் 1984-ல் டீனா பக்கம் நின்றது. ஆண்டுக்குக் குறைந்தது 6,000 டாலர் தருவதாக ஒப்பந்தத்தில் உறுதி இல்லையென்றால், வேறு நிறுவனத்துக்குப் பாடக் கூடாது என்று ஒரு கலைஞருக்குத் தடை வாங்க முடியாது என்றது. கறுப்பர், வெள்ளையர் எல்லோரும் பயன்படுத்தக்கூடிய அந்த விதியை, அவருடைய இயற்பெயரின் கடைசிப் பகுதியைச் சேர்த்து 'பிராக்கெர்ட் விதி' என்று இசைத்துறையில் இன்றும் சொல்கிறார்கள்.