ஜிம்மிக்கு ஏன் அந்த இருமல்?

போன மார்கழியில் ஒரு விடியற்காலை, கூடத்தில் வாத்து கத்துவதுபோல் ஒரு சத்தம். பதறிப் போய் விளக்கைப் போட்டேன். எங்கள் பாமரேனியன் ஜிம்மிதான், கழுத்தை நீட்டி நீட்டி இருமிக் கொண்டிருந்தது. "எலும்பு சிக்கியிருக்குமாட்ட இருக்குது கண்ணு, வெரலை உட்டுப் பாரு" என்றார் மாமியார். நானோ குழந்தையின் இருமல் மருந்தைத் தேடினேன். நல்ல வேளை, இரண்டையும் செய்யவில்லை. மனிதர் மருந்து சில நாய்க்கு விஷமாம்!

தொண்டாமுத்தூரிலிருந்து கோவைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் தொண்டைக் குழாயை லேசாக அழுத்தியதுமே அதே வாத்துச் சத்தம். மூச்சுக்குழாய் அமுங்காமல் தாங்குவது குருத்தெலும்பு வளையங்கள். சின்ன ஜாதி நாய்கள் பலவற்றுக்கு வயது ஏறும்போது அவை தளர்ந்து, குழாய் தட்டையாகி விடுகிறது. போதாக்குறைக்கு, சங்கிலி போட்டு இழுத்த இழுப்பு!

மருந்தோடு, கழுத்துப் பட்டையை எடுத்துவிட்டு மார்புப் பட்டை போடச் சொன்னார். ஊதுபத்தி, கொசுவர்த்திப் புகை கூடாது. உடம்பு இளைக்க வேண்டும். நெய்ச்சோறு நின்றது. எடை குறையக் குறைய இருமலும் குறைந்தது.

ஆனால் சகோதரிகளே, இருதயக் கோளாறிலும் நாய் இருமும். அது அயர்ந்து தூங்கும்போது மூச்சை எண்ணிப் பாருங்கள். நிமிடத்துக்கு 30-க்கு மேலேயே இருந்து வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். நாக்கு நீலம் பாரித்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

"புள்ள எளச்சே போச்சு" என்று மாமியார் இன்றும் புலம்புகிறார். நெய்ச் சட்டி இருக்குமிடத்தை மாற்றி வைத்திருக்கிறேன்.