‘குருதை’ என்றால் சிரிக்கலாமா? ஆங்கிலத்திலும் இதே கதைதான்!

கோலா கிளாவாங் போன்ற ஊர்களின் தோட்டப்புறங்களில் வளர்ந்த பெரியவர்கள் சிலர் குதிரையைக் ‘குருதை’ என்பார்கள். மதுரைவீரன் சாமியை ‘மருதைவீரன்’ என்பார்கள். பட்டணத்தில் படிக்கும் பேரப்பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரிப்பதுண்டு. ஆனால், அந்தப் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் ஆங்கிலத்திலும் இப்படி எழுத்து இடம் மாறிய சொற்கள் பல உள்ளன.

பட்டணத்து வீடுகளின் முன்னால் இருக்கும் ‘ராட் அயர்ன்’ கேட்டையே எடுத்துக்கொள்வோம். இதிலுள்ள ‘ராட்’, வேலை செய்வதைக் குறிக்கும் ‘வொர்க்’ என்ற வினையின் பழைய இறந்தகால வடிவம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் அது ‘வொர்ஹ்தே’ என்று இருந்தது. நாளடைவில் ரகரம் உயிரொலிக்கு முன்னே வந்து ‘வ்ரொஹ்தே’ ஆனது. பிறகு சில ஒலிகள் தேய்ந்து ‘ராட்’ என்று சுருங்கியது. ‘வொர்க்ட்’ என்ற வடிவம் பின்னால் வந்தது. ஆக, சம்மட்டியால் அடித்து வேலை செய்யப்பட்ட இரும்புதான் ‘ராட் அயர்ன்’.

1903இல் விமானம் ஓட்டிக் காட்டிய ரைட் சகோதரர்களின் குடும்பப் பெயரும் இந்த வேரிலிருந்து வந்ததே. தச்சர் போன்ற கைவினைஞரைக் குறித்த சொல் அது. அதிலும் ரகரம் இடம் மாறியிருக்கிறது.

இன்னும் வியப்பு, குதிரையைக் குறிக்கும் ‘ஹார்ஸ்’. ஆங்கிலத்தின் உறவுமொழியான ஜெர்மன் மொழியில் குதிரைக்குரிய பழைய சொல் ‘ரொஸ்’. அங்கே முன்னால் நிற்கும் ரகரம் ஆங்கிலத்தில் உயிரொலிக்குப் பின்னால் போய்விட்டது. நம் ‘குருதை’யில் ரகரம் முன்னால் வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

தமிழுக்கும் இது புதிதல்ல. சதை, தசை என்றும் விசிறி, சிவிறி என்றும் வழங்குவதை எழுத்து நிலைமாற்றம் என்று இலக்கணம் படித்தவர்கள் அறிவார்கள். அவற்றை யாரும் கொச்சை என்பதில்லை.

பிறகு ‘குருதை’ மட்டும் ஏன் கொச்சையானது? மாறிய ‘ராட்’ எழுத்தில் ஏறி நிலைத்தது. ‘குருதை’ பேச்சோடு நின்றுவிட்டது. தேர்வில் ‘குதிரை’ என்றுதான் எழுத வேண்டும், அதில் மாற்றமில்லை. ஆனால், பாட்டி ‘குருதை’ என்னும்போது சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. உலக மொழிகள் பலவற்றில் நாக்கு செய்யும் வேலையைத்தான் அவரது நாக்கும் செய்கிறது.