பெயரை இழந்தவர்களின் தீவில் கலை



கலை யாருக்காக என்ற கேள்வியை நம் அரங்குகளில் பலமுறை விவாதித்திருக்கிறோம். இந்த நினைவுநாளில் அதைச் சற்று மாற்றிக் கேட்போம். ஒதுக்கிவைக்கப்பட்ட மக்கள் வாழும் இடத்துக்கு நவீனக் கலை வந்து சேரும்போது என்ன நடக்கிறது? அந்த மக்கள் பேசுகிறார்களா, அல்லது பார்க்கப்படுகிறார்களா? ஜப்பானின் ஒஷிமா தீவை முன்வைத்து இதைப் பார்க்கலாம்.

செத்தோ உள்நாட்டுக் கடலில், தகமாட்சு துறைமுகத்துக்கு எதிரே உள்ள தீவு அது. பரப்பு ஒரு சதுர கிலோமீட்டர்கூட இல்லை. 1909இல் அங்கே தொழுநோயாளர் காப்பகம் திறக்கப்பட்டது. நோயாளர்கள் அனைவரையும் கட்டாயமாக அடைத்துவைக்க 1931ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. ஒரு காலத்தில் 700 பேருக்கு மேல் அங்கே இருந்தார்கள். குடும்பத்துக்குக் களங்கம் வரக்கூடாதென்று பலர் சொந்தப் பெயரை விட்டு வேறு பெயரில் வாழ்ந்தார்கள். திருமணம் செய்துகொள்ள விரும்பிய ஆண்கள் கருத்தடை அறுவைக்கு உட்பட வேண்டியிருந்தது. நோயாளரைப் பராமரிப்பதும் பிணம் எரிப்பதும் சக நோயாளர்களின் வேலை. 1940களின் இறுதியில் மருந்து வந்தது, நோய் குணமாகத் தொடங்கியது. ஆனால் 1953இல் வந்த புதிய சட்டமும் விலக்கிவைத்தலைத் தொடர்ந்தது. அது நீக்கப்பட்டது 1996இல். அரசின் இக்கொள்கை அரசமைப்புக்கு முரணானது என்று குமமோட்டோ நீதிமன்றம் 2001இல் தீர்ப்பளித்தது. அதற்குள் தீவிலிருந்தவர்கள் முதியவர்களாகிவிட்டார்கள். பெரும்பாலோருக்குத் திரும்பிப் போக வீடில்லை.

இதை அயல்நாட்டுக் கதை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. இந்தியாவில் 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது.

2010இல் செத்தோவுச்சி கலைத் திருவிழா தொடங்கியது. மூன்றாண்டுக்கு ஒருமுறை பல தீவுகளில் நடக்கும் இவ்விழாவில் ஒஷிமாவும் சேர்ந்தது. பக்கத்துத் தீவான நாவோஷிமா ஏற்கெனவே உலகப் புகழ் பெற்றிருந்தது. கட்டடக் கலைஞர் ததாவோ ஆண்டோவின் அருங்காட்சியகங்களையும் யாயோய் குசாமாவின் மஞ்சள் பூசணியையும் காணப் பெருங்கூட்டம் அங்கே வருகிறது. கல்வி, பதிப்புத் தொழிலில் உள்ள பென்னேஸ்ஸே நிறுவனத்தின் பணம் அங்கே கலையாகியிருக்கிறது. ஆள் குறைந்த தீவுக்கு அதனால் வருமானம் கிடைக்கிறது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒஷிமாவில் கலை அழகூட்டும் வேலையை மட்டும் செய்திருந்தால், அது காயத்தின் மேல் பூசிய வண்ணமாகப் போயிருக்கும்.

அங்கே காட்சிக்கு வைக்கப்பட்ட ஒரு பொருளைச் சொல்கிறோம். அது பிணப் பரிசோதனை மேடை. எப்போதோ கடலோரத்தில் வீசப்பட்ட அது, 2010இல் மீட்கப்பட்டுப் பார்வைக்கு வைக்கப்பட்டது. எந்தக் கலைஞரும் செதுக்காத பொருள். ஆனாலும் அந்த மேடை ஒரு சாட்சி. காப்பகங்களில் சேரும்போதே, இறந்தபின் உடலை அறுத்துச் சோதிக்க ஒப்புதல் வாங்கப்பட்டது என்பதை அறிந்தவர்களால் அதை வெறும் மேடையாகப் பார்க்க முடியாது.

நாகோயாவிலுள்ள கலைக் கல்லூரி ஒன்றின் ஆசிரியரும் மாணவர்களும் அங்கே ஒரு தேநீர்க் கடை திறந்தார்கள். தீவின் மண்ணில் செய்த பாத்திரங்களில், தீவில் விளைந்த பழங்களைக் கொண்டு செய்த பண்டங்களைப் பரிமாறினார்கள். தொட்டால் நோய் வரும் என்று ஊர் அஞ்சிய இடத்தில் வெளியாட்கள் உட்கார்ந்து உண்டார்கள். இரட்டைக் குவளையை அறிந்த நமக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

படநூல் ஓவியர் தாஷிமா செய்சோ, எழுபது ஆண்டுகள் தீவில் கழித்த ஒருவரின் வாழ்க்கையை ஒரு பழைய தொகுப்பு வீட்டின் அறைகளில் படைத்தார். அப்படைப்பின் தலைப்பில் அந்த மனிதருக்கு இருப்பது ஓர் எழுத்து மட்டுமே: ‘என்’. பெயரின் கதை இன்னும் முடியவில்லை.

ஆனால் கலைஞர்கள் படகில் வந்திறங்கியபோதுதான் ஒஷிமாவில் கலை பிறந்தது என்று எழுதினால் அது பிழை. அங்கே வாழ்ந்தவர்கள் பல பத்தாண்டுகளாகக் கவிதை எழுதிவந்தார்கள். சிறுமியாக அங்கே கொண்டுவரப்பட்ட தோ கசுகோ 2013இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்து எழுதினார். 1999இல் தகாமி ஜுன் பரிசு பெற்றார். அதுவும் புனைபெயர்தான். இறந்தபிறகு அவருடைய எலும்புகளில் ஒரு பகுதி சொந்த ஊரில் பெற்றோரின் கல்லறைக்குச் சென்றது. அங்கே அவருக்கு இயற்பெயர் திரும்பக் கிடைத்தது. அந்த வாய்ப்பும் இல்லாத பலரின் எலும்புகள் தீவின் நினைவிடத்திலேயே இருக்கின்றன.

ஆகவே, நம் வாழ்க்கை கலைக்கூடத்துக்குள் நுழையும்போதெல்லாம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். எதைக் காட்டுவது என்று முடிவெடுப்பவர் யார்? நமக்கு முன்பிருந்தே அங்கு படைத்தவர்களின் பெயர் எங்கே? பார்த்துவிட்டுப் போகிறவர்கள் தம் ஊரில் எதை மாற்றுகிறார்கள்? மூன்றாவது கேள்வியே கடினமானது. ஒஷிமாவாசிகளை அங்கே அனுப்பியது அரசு மட்டுமல்ல; காட்டிக்கொடுத்த அண்டை வீட்டாரும்தான். இன்று படகேறி வருகிறவர்களில் அவர்களின் பேரப்பிள்ளைகளும் இருக்கலாம்.

இப்போது தீவில் எஞ்சியிருப்பவர்கள் முதியவர்கள் சிலரே. அவர்களுக்குப்பின் நோயை நேரில் அனுபவித்த ஒருவரும் அங்கே இருக்கப்போவதில்லை. மேடையும் அறைகளும் கவிதைகளும் மட்டுமே பேச வேண்டியிருக்கும். அந்நிலை நம் மூத்தோர் விஷயத்திலும் வரும். அவர்கள் இருக்கும்போதே கேட்டு, அவர்கள் சொந்தப் பெயரில் எழுதிவைப்போம். இன்றைய நினைவஞ்சலிக்கு நாம் தரக்கூடிய பொருள் அதுவே.