தொலைபேசிக் கம்பியின் எல்லை: ஒரு பெட்டியும் அதன் உடைமையும்

தொழினுட்பத்தைச் சமூக உறவுகளிலிருந்து பிரித்து நோக்கும் வழக்கம் அறிவுலகில் வலுவாகவே உள்ளது. ஒரு கருவி எங்கே முடிகிறது, மற்றொன்று எங்கே தொடங்குகிறது என்பது பொறியியலாளர் மாத்திரம் தீர்க்கும் வினா எனக் கருதப்படுகிறது. கணனியை இலக்கமுறைத் தொலைபேசிக் கம்பியுடன் இணைத்த ஒரு சிறு பெட்டியின் வரலாற்றைக் கொண்டு இக்கருத்தை நாம் பரிசீலிப்போம்.

ஐ.எஸ்.டி.என். எனப்பட்ட ஒருங்கிணைந்த சேவைகள் இலக்கமுறை வலையமைப்புக்கான சர்வதேச விதந்துரைகள் 1984 இல் வகுக்கப்பட்டன. குரல் செக்கனுக்கு 8,000 தடவை அளவிடப்பட்டு, ஒவ்வோர் அளவும் 8 பிட்களாகக் குறிக்கப்படுகிறது. ஆகவே ஒரு குரல் வழிக்குச் செக்கனுக்கு 64,000 பிட்கள் வேண்டும். அடிப்படை இணைப்பில் இத்தகைய வழிகள் இரண்டும், அழைப்பைக் கட்டுப்படுத்தும் 16,000 பிட் வழி ஒன்றும் அமைந்தன. தொலைபேசி நிலையத்திலிருந்து வரும் இரு கம்பிகளிலே இரு திசைச் சைகைகளும் ஒருங்கே செல்லும். வீட்டினுள்ளோ, போவதற்கு இரண்டும் வருவதற்கு இரண்டுமாக நான்கு கம்பிகள். முன்னதைப் பின்னதாக மாற்றுவதும், எதிரொலியை நீக்குவதும், பழுது எங்கே உள்ளதென நிலையம் சோதிக்க இடமளிப்பதும் வலையமைப்பு முடிப்புப் பெட்டியின் பணிகளாகும்.

இப்பெட்டி யாருக்கு உரியது? மேற்கு ஐரோப்பாவில் அது தொலைபேசி நிருவாகத்தின் உடைமையாயிற்று. வாடிக்கையாளரின் எல்லை பெட்டிக்கு அப்பால் தொடங்கியது. ஐக்கிய அமெரிக்காவிலோ கூட்டாட்சித் தொடர்பாடல் ஆணைக்குழு, இலக்கமுறைக் கம்பிகளின் முடிப்புக் கருவிகள் வாடிக்கையாளர் பக்கத்தைச் சேர்ந்தவை என 1983 இல் வகுத்தது. பணி ஒன்றே; உடைமையாளர் வேறு.

இவ்வேறுபாட்டின் விளைவுகள் கம்பிக்குள்ளேயே புகுந்தன. ஐரோப்பிய நிருவாகங்கள் கம்பியிற் செல்லும் சைகைமுறையைத் தத்தம் விருப்பப்படி தெரிந்துகொள்ள முடிந்தது. அமெரிக்காவில் எவரும் பெட்டி செய்து விற்கலாம் என்றமையால், அச்சைகைமுறையே பகிரங்க நியமமாக வேண்டியதாயிற்று. 1988 இல் அது வெளியிடப்பட்டது. ஐரோப்பாவில் வீட்டு மின்சாரம் தடைப்பட்டாலும், நிலையம் கம்பிவழி அனுப்பிய மின்னாற் தொலைபேசி ஒன்று இயங்கக்கூடியதாயிருந்தது. அமெரிக்காவிற் பெட்டிக்கு மின் வழங்குவது வாடிக்கையாளரின் பொறுப்பாயிற்று.

அமெரிக்கத் தீர்மானம் திடீரெனத் தோன்றியதன்று. ஏ.ரி. அன்ட் ரி. கம்பனி தன் கம்பியிற் பிறர் கருவிகள் பொருத்தப்படுவதை நீண்டகாலம் தடுத்து வந்தது. வாய்ப்புறத்திற் பொருத்தும் வெறும் ஒலிமறைப்புக் குவளைக்கு எதிரான தடையைக்கூட 1956 இல் நீதிமன்றமே நீக்க வேண்டியிருந்தது. வானொலித் தொடர்பைத் தொலைபேசியுடன் இணைத்த தோமஸ் காட்டரின் கருவி தொடர்பான தீர்ப்பு 1968 இல் வந்தது. அதன் பின்னரும், தனது பாதுகாப்புக் கருவியை வாடகைக்குப் பெற்று இடையிலே பொருத்த வேண்டுமெனக் கம்பனி நிபந்தனை விதித்தது. 1975 இல் வகுக்கப்பட்ட பதிவு விதிகளே இதற்கு முடிவு கட்டின.

எனினும் இதனை முழு விடுதலை எனக் கொள்வதற்கில்லை. தெரிவுரிமையுடன் செலவும் பராமரிப்பும் வாடிக்கையாளரைச் சேர்ந்தன. கருவி உற்பத்தியாளருக்குப் புதிய சந்தையும் திறந்தது. மறுபுறம், பெட்டியைத் தன்வசம் வைத்திருக்கும் நிறுவனம், அதனுடன் எதை இணைக்கலாம் என்பதையும் தீர்மானிக்க வல்லது.

ஐ.எஸ்.டி.என். இன்று பல நாடுகளிற் கைவிடப்பட்டுவிட்டது, வினா மறையவில்லை. ஜேர்மனியில் 2016 ஓகஸ்ட் 1 ஆம் திகதி நடைமுறைக்கு வந்த சட்டம், இணைய வழிப்படுத்திக் கருவியைப் பயனாளர் தாமே தெரிந்துகொள்ளும் உரிமையை உறுதிசெய்தது. ஒளியிழைக் கம்பியின் முடிவிலுள்ள பெட்டியிலும் இதே வழக்கு மீண்டும் எழுகிறது. எல்லை எங்கே அமையக்கூடும் என்பதைப் பொறியியல் காட்டுகிறது. எங்கே அமைய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது சமூகத்தின் பொறுப்பாகும். அப்பொறுப்பு நிறுவனங்களிடம் மட்டும் விடப்படுதல் தகாது என்பதே எமது முடிபு.